குழாய் ஒழுகுகிறதா? முதலில் வால்வைத் தேடுங்கள்



நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கல்வி உதவி, மருத்துவ உதவி, திருமண உதவி என்றுதான் வருவார்கள். சில காலமாக இன்னொரு கோரிக்கையும் சேர்ந்துகொண்டது: "பிளம்பர் யாராவது இருந்தால் அனுப்பி வையுங்களேன்." இப்படிக் கேட்பவர்களில் பலர் சகோதரிகள். கணவர் சவூதியிலோ துபாயிலோ இருப்பார். அல்லது பிள்ளைகள் வெளியூரில் வேலை பார்க்க, வயதான உம்மா மட்டும் வீட்டில் இருப்பார். விசாரித்தால் குழாய் சொட்டுகிறது, ஃப்ளஷ் டேங்க் நிற்காமல் ஓடுகிறது, சிங்க் அடைத்துக்கொண்டது என்று மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

பிளம்பர் உடனே வராததற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. புது வீட்டு வேலையில் இருக்கும் ஒருவர் ஒரு வாஷரை மாற்றுவதற்காக அங்கிருந்து கிளம்பி வந்தால் அவருக்கு அரை நாள் போய்விடும். வாஷரின் விலை ஒரு டீயின் விலைகூட இல்லை. ஆனாலும் வந்து போன கூலியை அவர் கேட்டுத்தான் ஆக வேண்டும். கூலியை நினைத்து வீட்டார் தள்ளிப்போடுகிறார்கள். கீழே ஒரு வாளியை வைத்துவிட்டு மாதக் கணக்கில் அப்படியே விடுகிறார்கள்.

அந்த வாளியை ஒரு நாள் அளந்து பாருங்கள். சொட்டும் குழாய்க்குக் கீழே 200 மில்லி டம்ளர் ஒன்றை வையுங்கள். அது 15 நிமிடத்தில் நிரம்புகிறது என்றால் மணிக்கு 800 மில்லி, ஒரு நாளைக்கு 19 லிட்டருக்குச் சற்று மேல். ஒரு மாதத்தில் 576 லிட்டர், அதாவது 500 லிட்டர் சின்டெக்ஸ் டேங்க் ஒன்று முழுவதும் போய் அதற்கு மேலும் போயிருக்கும். நபி (ஸல்) அவர்கள் ஒளுவுக்குப் பயன்படுத்திய தண்ணீர் ஒரு முத்து அளவு என்று ஹதீஸ் நூல்களில் வருகிறது. இன்றைய அளவில் அதை ஏறத்தாழ முக்கால் லிட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்த 19 லிட்டர் ஐந்து பேர் உள்ள குடும்பம் ஐந்து வேளையும் ஒளுச் செய்யப் போதும். மதரஸாவில் ஃபிக்ஹ் பாடம் தொடங்குவதே சுத்தத்திலும் தண்ணீரிலும்தான். எந்தத் தண்ணீர் சுத்தமானது, எது நஜீஸ் என்று அத்தியாயம் அத்தியாயமாக ஓதினோம். அந்தத் தண்ணீர் வீட்டுக்குள் எந்த வழியாக வருகிறது, எதைத் திருகினால் நிற்கும் என்பதை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. கல்லூரியிலும் சொல்லித் தரவில்லை.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் பிளம்பராகிவிட வேண்டும் என்று எழுதவில்லை. சுவருக்கு வெளியே, கைக்கு எட்டும் இடத்தில், தண்ணீரை நிறுத்திவிட்டுச் செய்யக்கூடிய வேலைகளை வீட்டிலுள்ள யாரும் செய்யலாம். சுவருக்குள்ளே போவது, மின்சாரம் கலந்தது, குழிக்குள் இறங்குவது ஆகியவை நம் வேலை அல்ல. இந்த எல்லை மனதில் இருந்தால் பயப்படத் தேவையில்லை.

தண்ணீர் வரும் வழி

சென்ற ரமலானில் நம் மஹல்லாவில், மாடியில் வாடகைக்கு இருந்த ஒரு வீட்டில் சஹருக்கு எழுந்தபோது கழிவறையிலிருந்த கை ஸ்பிரேயின் குழல் வெடித்துவிட்டது. வீட்டில் ஒரு சகோதரியும் இரண்டு பெண் பிள்ளைகளும்தான். துணியைச் சுற்றினார்கள், கையால் அழுத்திப் பிடித்தார்கள். தண்ணீர் நிற்கவில்லை. மேல் டேங்க் முழுவதும் காலியான பிறகுதான் நின்றது. அதற்குள் கீழ் வீட்டுக் கூடத்தில் தண்ணீர் இறங்கி மெத்தை நனைந்து, நோன்பு நேரத்தில் இரண்டு வீட்டுக்கும் மனக்கசப்பு. இவ்வளவுக்கும் வெடித்த குழலிலிருந்து ஒரு சாண் தொலைவில், சுவரில், அதை மூடும் ஆங்கிள் காக் இருந்தது. வலப்பக்கம் திருகியிருந்தால் பத்து வினாடியில் நின்றிருக்கும். அது எதற்கு இருக்கிறது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. பெரும்பாலான வீடுகளில் இதுதான் நிலைமை.

அதனால் ஸ்பானர் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை, வீட்டைச் சுற்றி ஒரு நடை நடப்பது. பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளுங்கள். நகராட்சித் தண்ணீரோ போர் தண்ணீரோ சம்புக்கு வருகிறது. மோட்டார் அதை மேல் டேங்குக்கு ஏற்றுகிறது. டேங்கின் அடியிலிருந்து ஒன்றோ இரண்டோ பைப்கள் கீழே இறங்குகின்றன. அவை டேங்கை விட்டு வெளியே வரும் இடத்தில் ஒரு வால்வு இருக்கும். வட்டமான சக்கரம் போல் கைப்பிடி இருந்தால் அது கேட் வால்வு, பல சுற்றுத் திருக வேண்டும். நீண்ட கைப்பிடி இருந்தால் அது பால் வால்வு, கால் சுற்றுப் போதும். கைப்பிடி பைப்பின் போக்கிலேயே நீளவாட்டில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. இருட்டிலும் தடவிப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

இரண்டு மூன்று வால்வுகள் இருந்தால் எது எந்த அறைக்கு என்று ஒவ்வொன்றாக மூடிப் பார்த்து, பெயின்ட்டால் எழுதியோ தகடு கட்டியோ வையுங்கள். சில வீடுகளில் சமையலறைக் குழாய் ஒன்று மட்டும் டேங்கிலிருந்து வராமல் தெருக் குழாயிலிருந்து நேராக வரும். மேல் வால்வை மூடினாலும் அது நிற்காது. அதற்கான வால்வு வாசல் பக்கம் இருக்கும், அதையும் பார்த்து வையுங்கள்.

கேட் வால்வைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பல வருடம் தொடாமல் விட்டால் அது இறுகிவிடும், நம் ஊர் உப்புத் தண்ணீரில் இன்னும் சீக்கிரம். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை மூடித் திறந்துகொண்டிருந்தால் இறுகாது. முழுவதும் திறந்த பிறகு அரைச் சுற்றுத் திரும்ப மூடும் பக்கம் கொண்டுவந்து விடுங்கள், அடுத்த தடவை எளிதாகத் திரும்பும். ஏற்கெனவே இறுகிவிட்டதை முரட்டுத்தனமாகத் திருகாதீர்கள். தண்டு உடைந்தால் வேலை பெரிதாகிவிடும். அதை மட்டும் பிளம்பரை வரவழைத்து மாற்றிக்கொள்வது நல்லது. அதற்குச் செலவழிப்பதில் தயங்க வேண்டாம்.

வாஷ்பேசினுக்குக் கீழே, ஃப்ளஷ் டேங்குக்குப் பக்கத்தில், கை ஸ்பிரேக்கு மேலே, கீசருக்குக் கீழே என்று சுவரிலிருந்து முளைத்திருக்கும் சிறிய குழாய்கள்தான் ஆங்கிள் காக். அந்தந்தச் சாதனத்துக்கு மட்டும் தண்ணீரை நிறுத்துவதற்காக வைத்தவை. கை ஸ்பிரேயைப் பயன்படுத்தியதும் பலர் பிடியை மட்டும் விட்டுவிட்டுப் போகிறோம். அப்போது டேங்கின் அழுத்தம் முழுவதும் இரவும் பகலும் அந்த மெல்லிய குழல் மேல்தான் இருக்கிறது. ஆங்கிள் காக்கையும் மூடிவிட்டால் குழல் நீண்ட நாள் உழைக்கும், வெடிக்கும் பயமும் இல்லை. ஸ்பிரேயை வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்திப் போட்டும் வைக்காதீர்கள். மேலே டேங்க் காலியாகும் நேரத்தில் பைப்புக்குள் வெற்றிடம் உண்டாகி, வாளியின் அழுக்குத் தண்ணீர் பைப்புக்குள் ஏறக்கூடும்.

சொட்டும் குழாய்

தண்ணீர் எங்கிருந்து கசிகிறது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். குழாயின் வாயிலிருந்து சொட்டினால் உள்ளே வாஷர் தேய்ந்திருக்கிறது. திறக்கும்போது கைப்பிடியைச் சுற்றிக் கசிந்தால் அங்குள்ள கிளாண்ட் நட் தளர்ந்திருக்கிறது, அதைச் சிறிது இறுக்கினாலே பெரும்பாலும் நின்றுவிடும். குழாய் சுவரில் சேரும் இடத்தில் கசிந்தால் மரையில் சுற்றிய டேப் போய்விட்டது என்று பொருள்.

குழாயில் இரண்டு வகை உண்டு. பழைய வகையைப் பல சுற்றுத் திருகி மூட வேண்டும். உள்ளே ஒரு ரப்பர் வாஷர் தண்ணீர் வரும் துளையை அழுத்தி மூடுகிறது. கால் சுற்றிலோ அரைச் சுற்றிலோ மூடுகிற புது வகையில் வாஷருக்குப் பதிலாக இரண்டு பீங்கான் தட்டுகள் இருக்கின்றன. அது சொட்டினால் உள்ளே இருக்கும் ஸ்பிண்டிலையே எடுத்துவிட்டு வேறு போட வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும் என்பதால் பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். அளவை வாயால் சொல்லி வாங்கினால் இரண்டாம் தடவையும் நடக்க வேண்டியிருக்கும்.

வாஷர் மாற்றுவது அரை மணி நேர வேலை. முதலில் வால்வை மூடுங்கள். பிறகு அந்தக் குழாயைத் திறந்து பைப்பில் மிச்சமுள்ள தண்ணீரை வடியவிடுங்கள். சிங்கின் துளையைத் துணியால் அடைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முதல் ஸ்க்ரூ அதற்குள்தான் போய் விழும். குழாயைப் பாதி திறந்த நிலையில் வைத்துக்கொண்டு, கைப்பிடியின் மேல் மூடியையும் அதனடியிலுள்ள ஸ்க்ரூவையும் கழற்றிக் கைப்பிடியை எடுங்கள். அதற்குக் கீழே உள்ள ஆறுபட்டை நட்டை ஸ்பானரால் இடப்பக்கம் திருகினால் ஸ்பிண்டில் முழுதாக வெளியே வரும். அதன் நுனியில் வாஷர் இருக்கும். பழைய வாஷரைப் பார்த்தாலே தெரியும், நடுவில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருக்கும். அதே அளவில் புதியதைப் போட்டு, கழற்றிய வரிசைக்குத் தலைகீழாக மாட்டுங்கள். கழற்றியவற்றை ஒரு துணியில் வரிசையாக வைத்துக்கொண்டே போனால் குழப்பம் வராது. இப்போதெல்லாம் கையில் போன் இருக்கிறது, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம்.

புது வாஷர் போட்டும் சொட்டினால் உள்ளே வாஷர் உட்காரும் இடமே அரித்துப் போயிருக்கிறது. அந்தக் குழாயோடு போராடாமல் குழாயையே மாற்றிவிடுங்கள். சொட்டுகிறதே என்று ஒவ்வொரு தடவையும் பலம் கொண்ட மட்டும் இறுக்கி மூடுவதுதான் வாஷரையும் அந்த இடத்தையும் கெடுக்கிறது. ஒளுச் செய்யும் இடத்துக் குழாய்கள் மற்றவற்றைவிட விரைவில் பழுதாவதற்கும் காரணம் இதுதான். நாளுக்கு ஐந்து வேளை, வீட்டிலுள்ள அத்தனை பேரின் கையும் அவற்றின் மேல் படுகிறது. ஹவ்ழில் கையால் அள்ளி ஒளுச் செய்த காலத்தில் இந்தத் தொல்லையே இருந்ததில்லை என்று நம் பெரியவர்கள் சொல்வது உண்மைதான்.

குழாயை மாற்றுவதற்கு வருவோம். வீட்டுக் குழாய்கள் பெரும்பாலும் அரை அங்குலம், கடையில் 15 எம்.எம். என்றும் சொல்வார்கள். பழையதை இடப்பக்கம் திருகிக் கழற்றும்போது மெதுவாகச் செய்யுங்கள். சுவருக்குள் இருப்பது பிளாஸ்டிக் பைப் என்றால் பலமாகத் திருகினால் உள்ளிருக்கும் எல்போவும் சேர்ந்து திரும்பி உடைந்துவிடும். பிறகு டைல்ஸை உடைக்க வேண்டியதுதான். அசையவே இல்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

புதுக் குழாயின் மரையில் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டும். மரை நம்மைப் பார்த்திருக்கும்படி குழாயைப் பிடித்துக்கொண்டு, கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றுங்கள். எதிர்த் திசையில் சுற்றினால் குழாயை மாட்டும்போது டேப் அவிழ்ந்துகொண்டே வரும். புதிதாகச் செய்கிறவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். கடையில் கிடைக்கும் டேப் மிக மெல்லியது. பத்துச் சுற்றாவது இழுத்துப் பிடித்துச் சுற்றுங்கள். முதல் ஒரு மரையை விட்டுவிட்டுச் சுற்றினால் டேப்பின் துணுக்கு உள்ளே போய் அடைக்காது. கையால் எவ்வளவு போகிறதோ அவ்வளவு இறுக்கிவிட்டு, கடைசியில் ஸ்பானரால் முக்கால் சுற்றோ ஒரு சுற்றோ போதும். வாய் நேராகக் கீழே பார்க்கவில்லையே என்று பின்பக்கமாகத் திருப்பாதீர்கள். பின்னால் திருப்பினால் டேப்பின் பிடி விட்டுக் கசியும். முன்பக்கமாகவே கொஞ்சம் இறுக்கி நேராக்குங்கள், முடியாவிட்டால் கழற்றி டேப்பைக் கூட்டிச் சுற்றி மறுபடி மாட்டுங்கள். பிளாஸ்டிக் குழாய்களுக்குக் கை இறுக்கமே பெரும்பாலும் போதும், ஸ்பானர் போட்டால் கீறல் விழும்.

குழாயில் தண்ணீர் நூலாக வருகிறது என்று சொல்பவர்கள் முதலில் வாயிலுள்ள சல்லடையைக் கழற்றிப் பாருங்கள். உப்பும் மணலும் சேர்ந்து அடைத்திருக்கும். அரை மணி நேரம் வினிகரில் ஊறவைத்துப் பழைய பல் பிரஷால் தேய்த்தால் தண்ணீர் பழையபடி வரும். இதற்காக மோட்டார் மாற்ற வேண்டும் என்று யோசித்தவர்கள்கூட இருக்கிறார்கள்.

சொட்டு நீலம் போட்டுப் பாருங்கள்

சத்தமில்லாமல் தண்ணீர் போகும் இடம் ஃப்ளஷ் டேங்க். பீங்கானின் உட்பக்கத்தில் மெல்லிய படலமாக ஓடும் தண்ணீர் கண்ணுக்கே தெரியாது. ஃப்ளஷ் டேங்கின் மூடியைத் திறந்து துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை நாலைந்து சொட்டு விடுங்கள். 20 நிமிடம் யாரும் ஃப்ளஷ் செய்ய வேண்டாம். கீழே கோப்பையில் நீலம் தெரிந்தால் டேங்கின் அடியிலுள்ள ரப்பர் மூடி தேய்ந்திருக்கிறது, அல்லது அதில் அழுக்குப் படிந்திருக்கிறது. ஆங்கிள் காக்கை மூடிவிட்டு, டேங்கைக் காலி செய்து, அந்த ரப்பரையும் அது உட்காரும் விளிம்பையும் துணியால் துடைத்தாலே சில வேளைகளில் சரியாகிவிடும். சரியாகாவிட்டால் ரப்பரைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய் அதே மாதிரி வாங்கி மாட்டுங்கள். மாறாக, நடுவில் நிற்கும் குழாயின் மேல் விளிம்பைத் தாண்டித் தண்ணீர் வழிகிறது என்றால் மிதவை உயரமாக இருக்கிறது. அதைத் தாழ்த்த ஒரு ஸ்க்ரூவோ கிளிப்போ இருக்கும். தண்ணீர் அந்த விளிம்புக்கு ஒரு அங்குலம் கீழே நின்றால் சரி. சுவருக்குள் மறைத்துக் கட்டிய ஃப்ளஷ் டேங்குகளுக்கு இந்த யோசனை பொருந்தாது, கைவைக்காதீர்கள்.

சிங்க் அடைப்பு

பெருநாள் முடிந்த அடுத்த வாரம் நம் வீடுகளில் சிங்க் அடைத்துக்கொள்வது வழக்கம். பிரியாணிச் சட்டியிலும் சஹனிலும் ஒட்டிய கொழுப்பும் டால்டாவும் சூடாக இருக்கும்போது தண்ணீராக ஓடி, பைப்புக்குள் ஆறியதும் மெழுகாக உறைந்துவிடும். அதன் மேல் சோறு ஒட்டிக்கொள்ளும். சட்டியைக் கழுவுமுன் பழைய பேப்பரால் கொழுப்பை வழித்துக் குப்பையில் போட்டுவிட்டால் இந்த அடைப்பே வராது.

அடைத்துவிட்டால், சிங்குக்குக் கீழே கிண்ணம் போலவோ வளைவாகவோ ஒரு பாகம் தொங்குகிறதே, அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கையாலேயே இடப்பக்கம் திருகுங்கள். உள்ளே இருப்பதைப் பார்த்து முகம் சுளிக்க நேரும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கழுவிவிட்டு மாட்டும்போது ரப்பர் வளையம் தன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும்படிதான் செய்திருக்கிறார்கள். சாக்கடை நாற்றமும் கரப்பான் பூச்சியும் மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். குடும்பத்தோடு உம்ரா போய்வந்து வீட்டைத் திறந்தால் நாற்றம் அடிக்கிறது என்பார்கள். அடைப்பு ஒன்றும் இருக்காது, குளியலறைத் தரைத் துளையில் நின்ற தண்ணீர் காய்ந்து போயிருக்கும். இரண்டு மக்குத் தண்ணீர் ஊற்றினால் போய்விடும்.

அடைப்பு நீக்க ஆசிட் ஊற்றாதீர்கள். அதைவிட முக்கியம், கழிவறை கழுவும் ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். காற்றோட்டமில்லாத சின்னக் குளியலறையில் அது நுரையீரலைத் தாக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அதிகச் சுத்தம் வேண்டும் என்று இரண்டையும் ஊற்றும் பழக்கம் சில வீடுகளில் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். கடையில் விற்கும் அடைப்பு நீக்கித் தூள் ஏற்கெனவே போட்டிருந்தால் அந்த வளைவைக் கழற்ற வேண்டாம். உள்ளே காரத் தண்ணீர் நிற்கும், கண்ணில் தெறித்தால் பார்வையையே பாதிக்கும்.

இங்கே நிறுத்துங்கள்

சுவரில் ஈரம் பரவுகிறது, எந்தக் குழாயும் சொட்டவில்லை என்றால் சுவருக்குள் கசிவு இருக்கலாம். இஷா தொழுகைக்குப் பிறகு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, மேல் டேங்கில் தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். இரவில் யாராவது தண்ணீர் எடுக்க வேண்டியிருந்தால் வாளியில் பிடித்து வைத்ததை எடுக்கட்டும். சுப்ஹுக்கு எழுந்ததும் பாருங்கள். கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் கசிவு உண்டு. இந்தச் சோதனை வரை நாம் செய்யலாம். சுவரைக் கொத்துவது பிளம்பரின் வேலை. எந்த வால்வை மூடினால் தண்ணீர் இறங்காமல் நிற்கிறது என்றும் பார்த்துச் சொன்னால் அவர் கொத்த வேண்டிய இடம் குறையும், செலவும் குறையும்.

கீசரிலிருந்து தண்ணீர் சொட்டினால் சுவிட்சை அணைத்துவிட்டு ஆள் கூப்பிடுங்கள். அதன் அடியிலுள்ள பாதுகாப்பு வால்வில் சொட்டுகிறதே என்று துணி வைத்தோ எம்-சீல் பூசியோ அடைக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் கூடினால் வெளியேறுவதற்காக வைத்த வழி அது. மோட்டாருக்கும் இதேதான், மின்சாரம் தெரிந்தவர் வரட்டும்.

சம்புக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ யாரும் இறங்க வேண்டாம், யாரையும் இறக்கவும் வேண்டாம். செப்டிக் டேங்கில் உண்டாகும் வாயு ஓரிரு மூச்சில் மயக்கிவிடும். விழுந்தவரைத் தூக்க இறங்கிய மகனும் தம்பியும் சேர்ந்து இறந்த செய்திகளை நாம் பலமுறை படித்திருக்கிறோம். மூடியே கிடந்த தண்ணீர்த் தொட்டியிலும் காற்றில் பிராணவாயு குறைந்திருக்கும். கழிவுநீர்க் குழிகளை ஆபத்தான முறையில் ஆள் இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். சட்டம் இல்லாவிட்டாலும், ஐநூறு ரூபாய் மிச்சப்படுத்த இன்னொருவரின் பிள்ளையைக் குழிக்குள் இறக்குவது நமக்கு ஆகுமானதல்ல. லாரி வரவழைத்துக் குழல் போட்டு உறிஞ்சச் சொல்லுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் வாஷரைத் தாண்டிய எதுவானாலும் வீட்டுக்காரருக்குச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அடுக்குமாடியில் ஒரு வால்வை மூடினால் நாலு வீட்டுக்குத் தண்ணீர் நிற்கும், அவர்களிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

எப்போது செய்வது என்பதும் முக்கியம். கடை திறந்திருக்கும் நாளில், காலையில், இரண்டு வாளி தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஜும்ஆவுக்கு ஒரு மணி நேரம் முன்போ, ஞாயிற்றுக்கிழமை மாலையிலோ குழாயைக் கழற்றி வைத்துக்கொண்டு தவிக்க வேண்டாம். அரை அங்குல பிளக் ஒன்றும் வாங்கி வையுங்கள், சிலர் இதை டம்மி என்பார்கள். கழற்றிய குழாய்க்குப் பொருத்தமானது அன்று கிடைக்காவிட்டால் சுவர்த் துளையில் இதை மாட்டிவிட்டு, வால்வைத் திறந்து மற்ற அறைகளில் தண்ணீரைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஒளு விஷயமாக ஒன்று சொல்ல வேண்டும். எம்-சீல், பைப் ஒட்டும் பசை, பெயின்ட் ஆகியவை விரலிலும் நகத்திலும் ஒட்டிக் காய்ந்தால் தண்ணீர் தோலில் படாமல் தடுக்கும். அவற்றை நீக்காமல் செய்யும் ஒளு நிறைவேறாது. பிறகு சுரண்டிக்கொண்டிருப்பதைவிட முன்பே கையுறை போட்டுக்கொள்வது எளிது. வெறும் கிரீஸ் கறை, நிறம் மட்டும் தங்கியிருந்தால் பாதகமில்லை.

இவ்வளவையும் எழுதியதால் நம் பிளம்பர் சகோதரர்களின் வருமானத்தில் கைவைக்கிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் மஹல்லாவைச் சேர்ந்த இரண்டு பிளம்பர்களிடம் காட்டிக் கேட்டுத்தான் எழுதினேன். வாஷருக்கு ஆள் அனுப்ப முடியாமல் கெட்ட பெயர் வருகிறது, இதை ஜனங்களே கற்றுக்கொண்டால் நல்லது என்றுதான் இருவரும் சொன்னார்கள். வால்வு எங்கே இருக்கிறதென்று வீட்டார் காட்டிவிட்டால் தங்களுக்குப் பாதி நேரம் மிச்சம் என்றும் சொன்னார்கள். அவர்களை அழைக்கும்போது கூலியை முன்பே பேசி, வேலை முடிந்த அன்றே கொடுத்துவிடுங்கள்.

டிரஸ்ட் அலுவலகத்தில் ஒரு கருவிப் பெட்டி வைத்திருக்கிறோம். அட்ஜஸ்டபிள் ஸ்பானர் ஒன்று, பைப் ரெஞ்ச் ஒன்று, இரண்டு வகை ஸ்க்ரூ டிரைவர், டார்ச், ரப்பர் கையுறை, அரை அங்குல பிளக் நான்கு, வாஷர், டெஃப்லான் டேப் ஆகியவை அதில் இருக்கும். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே வந்து, நோட்டில் பெயர் எழுதிவிட்டு எடுத்துச் செல்லலாம். கட்டணம் இல்லை. இரண்டு நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், அடுத்தவர் காத்திருப்பார். வாஷரும் டேப்பும் எடுத்தவர்கள் திருப்ப வேண்டியதில்லை. சகோதரிகள் நேரில் வர இயலாவிட்டால் வீட்டுப் பிள்ளைகளில் யாரையாவது அனுப்பினால் போதும்.